நந்தினி பெயர் எந்த வரியில் இருக்கிறது?

கல்கியின் சோழர் கால நாவலான ‘பொன்னியின் செல்வன்’ படித்துவிட்டு அந்த ஊர்களுக்குப் போனவர்கள், கதையும் சரித்திரமும் முட்டிக்கொண்ட இடங்களைச் சொல்லலாமே. உள்ளூர்க்காரர்களும் எழுதுங்கள்.

காட்டுமன்னார்கோவிலிலிருந்து:
நான் உள்ளூர். விடுமுறை வந்தால் உடையார்குடி அனந்தீசுவரர் கோவிலுக்கு வெளியூர் கார்கள் வரும். எல்லோரும் தேடுவது சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலையைச் சொல்லும் கல்வெட்டைத்தான். காட்டியதும் பாதிப் பேருக்கு முகம் சுருங்கிவிடும். பழகாத கண்ணுக்கு அது வெறும் கீறல். படித்துச் சொன்னாலும் ஏமாற்றம்தான். சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோர் கரிகாலனைக் கொன்ற துரோகிகள். அவர்கள் நிலமும் உறவினர் நிலமும் பறிமுதல். வாளும் இல்லை, இருட்டறையும் இல்லை. நில விவகாரம்!

ஒருமுறை சென்னையிலிருந்து ஓர் அம்மாள் மகளோடு வந்திருந்தார். நாவலில் அந்தக் கொலைச் சதிக்குப் பின்னால் நிற்பவள் நந்தினி. “நந்தினி பெயர் எந்த வரியில் இருக்கிறது, தம்பி?” என்றார்.

“நந்தினி கல்கியின் கற்பனை, அம்மா.”

“அப்படியானால் ரவிதாசன்?”

“அவன் நிஜம். இதோ, பெயர் இருக்கிறது.”

அவருக்குக் கோபமே வந்துவிட்டது. “ஆந்தை மாதிரிக் கத்துகிற மந்திரவாதி நிஜம், நந்தினி பொய்யா? யாரிடம் கதை விடுகிறீர்கள்?” மகள் சிரித்துக்கொண்டே அவரைக் காருக்கு அழைத்துப் போனாள். கல்வெட்டு ரவிதாசனை ‘பஞ்சவன் பிரமாதிராசன்’ என்ற பட்டத்தோடு சொல்கிறது, அரசு அதிகாரிக்குத் தரும் பட்டம் அது என்று சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் கார் கிளம்பிவிட்டது.

வேதாரண்யத்திலிருந்து:
கோடிக்கரைக்கு வருகிறவர்கள் நாவலில் வரும் படகோட்டிப் பெண் பூங்குழலியின் வீட்டைக் கேட்பார்கள். அவளும் கற்பனைதான்; ஆனால் அவளைச் சுற்றியுள்ள சதுப்பு நிலமும் குழகர் கோவிலும் நிஜம். பழைய கலங்கரை விளக்கமும் நிஜமாக நின்றது. 2004 சுனாமி அதைச் சாய்த்துவிட்டது. இப்போது இடிபாட்டைக் காட்டினால், “நாவலில் எவ்வளவு உயரம் தெரியுமா!” என்று எங்களுக்கே சொல்கிறார்கள். சொல்லட்டும், அவர்களாவது அதை நினைத்துப் பார்க்கிறார்களே.

பூங்குழலி கதாநாயகன் வந்தியத்தேவனுக்குக் காட்டும் கொள்ளிவாய்ப் பிசாசுகளைப் பற்றிக் கேட்காதவர்களே இல்லை. சதுப்பில் மக்கிய பொருளிலிருந்து எழும் வாயு எரிவதுதான் அது என்பார்கள். பெண்ணைக் கற்பனை என்றால் மறுக்கிறார்கள், பிசாசை வாயு என்றால் உடனே ஒப்புக்கொள்கிறார்கள். இதுதான் எனக்கு விளங்காதது.

திருச்சியிலிருந்து:
எங்கள் வீட்டில் கதை கல்கி இதழில் வந்த காலத்துப் பக்கங்களைக் கிழித்துத் தைத்த பைண்டு புத்தகம் உண்டு. 1950இல் தொடங்கி 1954 வரை ஓடிய தொடர். பாட்டிக்கு நந்தினி என்றால் மணியம் வரைந்த கொண்டைதான். 2022இல் படம் வந்தபோது, “இவள் நந்தினி இல்லை” என்று எழுந்து போய்விட்டார். யாருமே பார்த்திராத ஒருத்திக்கு அசல், நகல் என்று சண்டை!

கும்பகோணத்திலிருந்து:
வாசகர்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. கொன்றவர்கள் பெயர் கல்லில் இருக்கிறது. ஏன் கொன்றார்கள் என்பது அதில் இல்லை. வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி, பிறகு அரியணை ஏறிய உத்தம சோழன் மேல் சந்தேகப்பட்டார், வேறு பலர் மறுத்தார்கள். கல்கியும் கத்தி யார் கையிலிருந்து பாய்ந்தது என்று முடித்துச் சொல்லவில்லை. சரித்திரம் விட்ட அந்த இடத்தில்தான் நந்தினி வந்து உட்கார்ந்தாள். ஒன்று கவனியுங்கள்: கொலை சம்புவரையரின் கடம்பூர் மாளிகையில் நடந்தது என்பதும் நாவலில்தான், கல்வெட்டில் இல்லை.

காட்டுமன்னார்கோவிலிலிருந்து:
அதை மேலக்கடம்பூரில் வந்து சொல்லிப் பாருங்கள். குலோத்துங்கன் காலத்துத் தேர் வடிவக் கோவில், சக்கரமும் குதிரையும் கல்லில் செதுக்கி அவ்வளவு அழகாக இருக்கிறது. வருகிறவர்கள் அதன் வாசலிலேயே நின்றுகொண்டு, “சம்புவரையர் மாளிகைக்கு எந்தப் பக்கம் போகவேண்டும்?” என்கிறார்கள்.