டேட்டுக்கு 3, ட்ரவுட்டுக்கு 25: பள்ளிக்கூட அவுட்ஃபீல்டரை எதை வைத்து எடைபோடுவது?

எடிசன்_குமார்:
2009 பேஸ்பால் டிராஃப்ட் (அணிகள் முறை வைத்துப் புது ஆட்டக்காரர்களை எடுக்கும் நிகழ்ச்சி) பட்டியலை மறுபடி எடுத்துப் பாருங்கள். 3-ஆவது இடத்தில் சான் டியாகோ பாட்ரெஸ் எடுத்தது டொனவன் டேட்டை. ஜார்ஜியா பள்ளிப் பையன், சென்டர் ஃபீல்டர், அதாவது அவுட்ஃபீல்டு எனும் மைதானத்தின் வெளிப்பகுதியில் நடுவே நிற்பவர். ஓட்டம், உடம்பு, எறியும் கை எல்லாம் முதல் தரம், அமெரிக்கன் ஃபுட்பாலிலும் கெட்டிக்காரர். கையெழுத்துப் போட்டதற்கே 62.5 லட்சம் டாலர். கடைசியில் மேஜர் லீகில், அதாவது உச்சநிலை லீகில், ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

அதே டிராஃப்டில் எங்கள் நியூ ஜெர்சி மில்வில் பள்ளியின் மைக் ட்ரவுட் 25-ஆவது இடம் வரை காத்திருந்தார். நிகழ்ச்சி நடந்த ஸ்டுடியோவுக்கு நேரில் வந்திருந்த ஒரே ஆட்டக்காரர் அவர்தான். ஒவ்வொரு பெயராக வாசிக்க வாசிக்க அந்தப் பையன் அங்கேயே உட்கார்ந்திருந்தார். கடைசியில் ஏஞ்சல்ஸ் அணி எடுத்தது, கிடைத்தது 12 லட்சத்துச் சொச்சம் டாலர். அப்புறம் 2014, 2016, 2019 என்று மூன்று முறை எம்விபி, அதாவது சீசனின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது.

பள்ளியின் கடைசி சீசனில் 18 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் போல வேலியைத் தாண்டும் அடி) அடித்திருந்தார், மாநில சாதனை. இது எல்லாருக்கும் தெரிந்த எண். மடக்கு நாற்காலியும் ஸ்டாப்வாட்ச்சுமாக ஊர் ஊராகச் சுற்றி அணிக்கு ஆள் தேடும் ஸ்கவுட்டுகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஸ்கோர் புத்தகத்தைப் பார்த்திருந்தாலே போதுமே?

நித்யா_கே:
அந்த 18 யாருடைய பந்தில் வந்தது, குமார்? பள்ளி ஆட்டத்தில் பெரும்பாலான பிட்சர்கள், அதாவது பந்து வீசுபவர்கள், மணிக்கு 80 மைல் வேகத்தைத் தொடுவதே பெரிய விஷயம். மேஜர் லீகில் 95. ஒருநாள் நல்ல பிட்சர் வருவார், மறுநாள் கணித வகுப்பிலிருந்து நேராக ஓடிவந்த பையன் வீசுவான். இரண்டும் ஸ்கோர் புத்தகத்தில் ஒரே மாதிரிதான் பதிவாகும்.

பேட்டையும் மறந்துவிடாதீர்கள். 2009-இல் பள்ளிகளில் ஆடியது பழைய மெட்டல் பேட். பந்து அதில் பட்டால் துள்ளிக்கொண்டு போகும். அதைக் கட்டுப்படுத்தும் பிபிகார் விதி பள்ளிகளுக்கு வந்ததே 2012-இல்தான். நியூ ஜெர்சியில் சீசனும் சின்னது, ஏப்ரல் முதல் வாரம் குளிரில் கை விறைத்துப்போய் ஆடுவார்கள். புளோரிடா, கலிபோர்னியா பையன்கள் வருடம் முழுக்க ஆடுகிறார்கள். இந்த எண்களை அருகருகே வைத்துப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. நான் புள்ளிவிவரத்தை வைத்துப் பிழைப்பவள், நானே சொல்கிறேன்.

பழைய_ஸ்கோரர்:
குமார் தம்பி, ஸ்கவுட் என்ன பார்க்கிறார் என்று தெரியாமல் அவரை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். நான் பல வருடம் பள்ளி ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதியவன், அவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிடும். பயிற்சியாளர் அவுட்ஃபீல்டுக்குப் பந்து அடித்துக் கொடுப்பார். ரைட் ஃபீல்டில் நிற்கும் பையன் அதை எடுத்து மூன்றாம் பேஸுக்கு (ஓடுபவர் வரிசையாகத் தொட வேண்டிய இடங்களில் ஒன்று) எறிய வேண்டும். பந்து வளைந்து மேலே ஏறி இறங்குகிறதா, தாழ்வாக நேர்கோட்டில் போய் ஒரே துள்ளலில் கையுறைக்குள் விழுகிறதா என்பதைத்தான் ஸ்கவுட் பார்ப்பார். கையில் வலு இருந்தும் கால் சரியாக வைக்கத் தெரியாதவன் வேறு, காலெல்லாம் சரியாக வைத்தும் கையில் வலு இல்லாதவன் வேறு. முதல் ஆளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம்.

அடுத்தது ஓட்டம். பேட்டில் பந்து படும் சத்தத்தில் ஸ்டாப்வாட்ச்சை அமுக்கி, முதல் பேஸில் கால் படும்போது நிறுத்துவார்கள். வலக்கை ஆட்டக்காரருக்கு 4.3 வினாடி என்றால் சராசரி. 4.1-க்குக் கீழே வந்தால் பக்கத்து நாற்காலிக்காரர் தலையைத் திருப்பி உங்கள் கடிகாரத்தை எட்டிப்பார்ப்பார். இடக்கையர் பேஸுக்குக் கொஞ்சம் அருகில் நிற்பதால் அவருக்குச் சராசரியே 4.2.

எல்லாவற்றுக்கும் 20 முதல் 80 வரை மதிப்பெண், 50 என்பது மேஜர் லீக் சராசரி. இன்று என்ன, வளர்ந்தால் என்ன என்று இரண்டு எண் போடுவார்கள். 17 வயதுப் பையனின் அடிக்கும் திறமைக்கு இன்று 25 போட்டு, நாளைக்கு 60 என்று எழுதுவது சாதாரணம். அந்த 60-ஐ எழுதத்தான் ஆள் தேவை. டேட்டின் ஓட்டத்துக்கும் கைக்கும் அவர்கள் போட்ட கணக்கு தப்பில்லை.

எடிசன்_குமார்:
ஸ்கோரர் சார், அந்த 60-தானே என் பிரச்சினையே! கடிகாரம் காட்டுவதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். நாளைக்கு எப்படி அடிப்பான் என்று எழுதும்போது அது ஜோசியமாகிவிடுகிறது.

இது இன்று நேற்றுக் கதையும் இல்லை. 1980-இல் நியூயார்க் மெட்ஸ் முதல் சுற்றிலேயே இரண்டு கலிபோர்னியா பள்ளி அவுட்ஃபீல்டர்களை எடுத்தது. முதல் இடத்தில் டாரில் ஸ்ட்ராபெரி, 23-ஆவதாக பில்லி பீன். பீனைப் பார்த்த ஸ்கவுட்டுகளுக்கு அந்த உயரமும் ஓட்டமும் கண்ணை நிறைத்தன. ஸ்ட்ராபெரி 335 ஹோம் ரன் அடித்தார். பீன் மொத்தம் 148 ஆட்டம், பேட்டிங் சராசரி .219, 3 ஹோம் ரன். பிறகு ஓக்லண்ட் அணியின் பொது மேலாளராகி, உடம்பைப் பார்த்து ஆள் எடுக்கும் வழக்கத்தோடு மல்லுக்கட்டியவர் அவரேதான். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

சும்மா_பார்ப்பவன்:
நடுவில் ஒரு சந்தேகம். நான் கிரிக்கெட் ஆள். இவ்வளவு பெரிய கையுறை மாட்டிக்கொண்டு உயர்ந்த பந்தைப் பிடிப்பதில் ஆராய என்ன இருக்கிறது? டீப் மிட்விக்கெட்டில் வெறுங்கையோடு நிற்பவரைப் பார்த்தால் இவர்கள் என்ன சொல்வார்கள்?

பழைய_ஸ்கோரர்:
பிடிப்பதை யாரும் பார்ப்பதே இல்லை, தம்பி. பந்து அடிபட்டதும் முதல் எட்டு எந்தப் பக்கம் வைக்கிறான் என்பதுதான் விஷயம். சென்டர் ஃபீல்டர் தலைக்கு நேராக வரும் பந்துதான் இருப்பதிலேயே கஷ்டம், முன்னால் விழுமா பின்னால் போகுமா என்று சட்டென்று தெரியாது. நல்ல பையன் பந்துக்கு முதுகைக் காட்டி ஓடி, விழும் இடத்துக்குப் போன பிறகு திரும்பிப் பார்ப்பான். வேகம் மட்டும் உள்ளவன் முதலில் இரண்டு எட்டு முன்னால் வந்துவிட்டு, அப்புறம் பின்னால் பாய்ந்து விழுந்து பிடிப்பான். ஜனங்கள் கைதட்டுவார்கள். ஸ்கவுட் தலையைக் குனிந்து வேறு ஏதோ எழுதிக்கொண்டிருப்பார்.

குமாருக்கு: ட்ரவுட்டை மில்வில்லில் கண்டெடுத்தவரும் ஒரு ஸ்கவுட்தான். ஏஞ்சல்ஸ் அணியின் கிரெக் மோர்ஹார்ட். எல்லாரும் தவறவிட்டார்கள் என்று நீங்கள் சொல்லும் பையனை விடாமல் பரிந்துரைத்தவர் அவர். பிட்சராகவும், இரண்டாம் மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப்பாகவும் இருந்து, கடைசி வருடத்தில்தான் முழுமையாக அவுட்ஃபீல்டுக்குப் போன பையன் ட்ரவுட். அங்கே அவன் எப்படி ஆடுவான் என்பதற்கு உங்கள் ஸ்கோர் புத்தகத்தில் ஒரு வரிகூட இருந்திருக்காது.

எடிசன்_குமார்:
மோர்ஹார்டைச் சொன்னீர்கள், மீதிக் கதையையும் சொல்லுங்கள் சார். ட்ரவுட்டின் அப்பா ஜெஃப், மினசோட்டா ட்வின்ஸின் மைனர் லீக் (மேஜர் லீகுக்குக் கீழ்நிலை) அணியில் ஆடியவர். அங்கே மோர்ஹார்டும் அவரும் ஒன்றாக ஆடியவர்கள். கூட ஆடியவரின் மகனைத் தெரிந்திருந்தது என்பதற்குப் பெயர் ஸ்கவுட்டிங்கா? அந்த அப்பா வேறு அணியில் ஆடியிருந்தால்?

இன்னொன்று. அதே ஏஞ்சல்ஸுக்கு 24-ஆவது இடமும் இருந்தது. அதில் யாரை எடுத்தார்கள்? டெக்சாஸ் பள்ளி அவுட்ஃபீல்டர் ராண்டல் கிரிச்சக்கை. கண்டுபிடித்த அணியே ட்ரவுட்டை இரண்டாவதாகத்தான் கூப்பிட்டது!

பழைய_ஸ்கோரர்:
24-உம் 25-உம் அடுத்தடுத்து ஒரே அணியின் கையில் இருக்கும்போது எந்தப் பெயரை முதலில் வாசித்தால் என்ன? நடுவில் புகுந்து யார் தூக்கிக்கொண்டு போவார்கள்? கிரிச்சக்கும் மேஜர் லீகுக்கு வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆடிவிட்டார். ஒரே இரவில் இரண்டு பள்ளிப் பையன்கள், இருவரும் தேறினார்கள்.

அப்பாவைத் தெரிந்தது பற்றி: ஆமாம், தெரிந்ததுதான் வேலையே. வட்டார ஸ்கவுட் என்று ஒருவரை வைத்திருப்பதே அதற்குத்தான். வீட்டில் என்ன பேசுகிறார்கள், தோற்ற ஆட்டத்துக்கு மறுநாள் பையன் எப்படிப் பயிற்சிக்கு வருகிறான், இதெல்லாம் ஒருநாள் வந்து பார்த்துவிட்டுப் போகும் ஆளுக்குத் தெரியாது.

நித்யா_கே:
நீங்கள் இருவரும் ட்ரவுட்டையே சுற்றி வருகிறீர்கள். ஆரன் ஜட்ஜைப் பாருங்கள். 2010-இல் கலிபோர்னியா லிண்டன் பள்ளியிலிருந்து அவரை ஓக்லண்ட் எடுத்தது 31-ஆவது சுற்றில். அவர் கையெழுத்துப் போடாமல் ஃப்ரெஸ்னோ ஸ்டேட் கல்லூரிக்குப் போனார். 2013-இல் நியூயார்க் யாங்கீஸ் அணி மொத்தப் பட்டியலில் 32-ஆவது ஆளாக எடுத்தது. 2022-இல் 62 ஹோம் ரன். மூன்று வருடக் கல்லூரி ஆட்டம் 31-ஆவது சுற்றை முதல் சுற்றாக்கியது. அங்கே பிட்சர் தரம் ஓரளவு சீரானது, ஆட்டங்களும் அதிகம். அப்போது எண் பேசும்.

ஆக, பள்ளி வயதில் கண்ணும் போதாது, எண்ணும் போதாது. ஓட்டத்தையும் கையையும் அளந்துவிடலாம். அடிக்கும் திறமை மட்டும் நல்ல பந்தை எதிர்கொள்ளாமல் வெளியே வராது. அதனால்தான் கோடையில் தேர்ந்தெடுத்த பையன்களை ஒரே மைதானத்தில் ஆடவிடும் ஷோகேஸ்களுக்கு இவ்வளவு கூட்டம். 90 மைல் பந்தில் ஐந்தாறு முறை நிற்பதைப் பார்த்தால், 70 மைல் பந்தில் அடித்த 18 ஹோம் ரன்னைவிட அதிகம் தெரியும். பேட்டிலிருந்து பந்து கிளம்பும் வேகத்தையும் இப்போது அங்கேயே அளந்துவிடுகிறார்கள்.

எடிசன்_குமார்:
ஷோகேஸுக்குப் பணம் கட்டி, விமானம் ஏறி, ஹோட்டலில் தங்க யாரால் முடியும் நித்யா? அது திறமையை வடிகட்டுவதற்கு முன்னால் அப்பாவின் சம்பளத்தை வடிகட்டுகிறது. பள்ளி ஸ்கோர் புத்தகம் குறைந்தபட்சம் எல்லாப் பையனுக்கும் இலவசம். எதிரணியின் தரத்துக்கு ஏற்ப அதைத் திருத்தி எடுக்க உங்களைப் போன்றவர்கள் முயன்றாலே பாதிப் பிரச்சினை தீரும்.

நித்யா_கே:
பணம் பற்றிச் சொன்னது சரி, மறுக்க மாட்டேன். ஆனால் ஒரு பள்ளிக்கு இருபத்தைந்து ஆட்டம், அதில் பாதி பக்கத்து ஊர்ப் பள்ளிகளோடு. இதில் எதை வைத்து எதைத் திருத்துவது? ட்ரவுட்டின் மில்வில்லும் டேட்டின் கார்டர்ஸ்வில்லும் ஒன்றோடொன்று மோதியதே இல்லையே.

சும்மா_பார்ப்பவன்:
இதற்கிடையில் தேடிப் பார்த்தேன். அந்த 25-ஆவது இடம் முதலில் யாங்கீஸுடையதாமே? மார்க் டெஷேரா என்ற ஆட்டக்காரரை ஏஞ்சல்ஸிடமிருந்து எடுத்ததற்கு ஈடாகக் கொடுத்துவிட்டார்களாம். எங்கள் ஆபீஸ் யாங்கீஸ் ரசிகரிடம் நாளைக்கு இதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

பழைய_ஸ்கோரர்:
சொல்லுங்கள், ஆனால் சாப்பிட்டு முடித்த பிறகு சொல்லுங்கள். 2009-இல் டெஷேராவோடுதான் அவர்கள் உலகத் தொடர் ஜெயித்தார்கள் என்று அவர் பதில் வைத்திருப்பார்.