பகுதிநேர நாஸ்கார் ஓட்டுநர் யாரையாவது நேரில் பார்த்ததுண்டா?

கான்கார்ட்வாசி:

வட கரோலினாவில் கான்கார்டுக்குக் குடிவந்து பதினொரு வருடம் ஆகிறது. நாஸ்கார் என்ற அமெரிக்கக் கார் பந்தயங்கள் நடக்கும் சார்லட் மோட்டார் ஸ்பீட்வே வீட்டிலிருந்து பத்து நிமிடத் தூரம். மே கடைசியில் 600 மைல் பந்தயம் நடக்கும்போது, மிக்சி ஓடினாலும் அதை மீறி இரைச்சல் கேட்கும். ஆனால் ஓர் ஓட்டுநரை முதன்முதலாக நான் பார்த்தது என் வீட்டுக் கொல்லையில், ஏசி யூனிட்டுக்குப் பக்கத்தில்.

நல்ல ஜூலை வெயில். ஏசி நின்றுவிட்டது. வந்த மெக்கானிக்குக்கு நாற்பது வயதிருக்கும். கெபாசிட்டரைக் கழற்றி அதன் மண்டை உப்பியிருந்ததைக் காட்டினார், புதிது மாட்டினார். கையெழுத்து வாங்க உள்ளே வந்தவர், என் பையன் கதிர் தரையில் வரிசை கட்டியிருந்த பொம்மைக் கார்களைப் பார்த்ததும் குந்தி உட்கார்ந்துவிட்டார். ஒன்றின் வாலில் இன்னொன்றை ஒட்டி வைத்து, "முன்னால் போகிறவன் காற்றைக் கிழிக்கிறான், பின்னால் வருகிறவன் அந்த நிழலில் வருகிறான். இரண்டு பேரும் ஒட்டிப் போனால் தனியாகப் போகிறவனைவிட வேகம்" என்று அவனுக்குப் பாடம் எடுத்தார். எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்றேன். "டேட்டோனாவில்." ஃப்ளோரிடாவில் உள்ள பெரிய நாஸ்கார் டிராக் அது. சும்மா அளக்கிறார் என்றுதான் நினைத்தேன். அவர் போனதும் தேடிப் பார்த்தால், உண்மை. பிக்கப் ட்ரக்குகள் ஓடும் மூன்றாம் நிலையான ட்ரக் சீரிஸிலும் அதற்கு மேலே உள்ள இரண்டாம் நிலைத் தொடரிலுமாகப் பதினான்கு வருடத்தில் இருபத்து மூன்று பந்தயம்.

அடுத்த முறை சர்வீசுக்கு வந்தபோது காப்பி போட்டுக் கொடுத்து உட்கார வைத்தேன். வருடத்தில் ஒன்றரைப் பந்தயம் எப்படி என்று கேட்டேன். சிரித்தார். சிறிய அணிகளில் காரும் ஆட்களும் அணியுடையது. பணம் ஓட்டுநர் கொண்டுவர வேண்டும். ஜனவரி முழுக்க அவருக்குப் போன்தான். குழாய்ச் சாமான் மொத்த வியாபாரி, பூச்சி மருந்து அடிக்கும் கம்பெனி, மச்சானுக்குத் தெரிந்த வக்கீல் என்று ஒருவரையும் விடுவதில்லை.

ஒரு தடவை வியாழக்கிழமை வரை ஸ்பான்சரின் செக் வரவில்லை. வெள்ளி காலை அணியினர் வேறொரு பையனை ஏற்றிவிட்டார்கள். அவனிடம் பணம் இருந்தது. பந்தய சீட் என்பது ஓட்டுநரின் விலா எலும்புக்கும் தோளுக்கும் அளவெடுத்துச் செய்வது, இன்னொருவருக்குச் சரிப்படாது. ஆகவே தன் சீட்டைத் தானே போல்ட் கழற்றி, பிக்கப் வண்டியின் பின்னால் போட்டு, ஆறு மணி நேரம் ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாராம். கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் யாரோ பின்னால் உட்கார்ந்து வருகிற மாதிரி இருந்தது என்றார்.

உங்களுக்கும் இப்படி யாரையாவது தெரியுமா?

பழைய பிட்காரன்:

சார், உங்கள் ஏசிக்காரரைப் போல நான் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். 2011, 12 வாக்கில் மாணவனாக இருந்தபோது வார இறுதிகளில் ஒரு சிறிய அணிக்குச் சம்பளமில்லாமல் வேலை செய்தேன். பெயர் வேண்டாம், அந்த அணி இப்போது இல்லை.

என் வேலை டயர். பிட்டுக்கு, அதாவது பந்தயத்துக்கு நடுவில் டயர் மாற்ற நிறுத்தும் இடத்துக்கு, வந்த காரிலிருந்து கழற்றிய டயரில், வழியில் அப்பிய ரப்பரை கேஸ் டார்ச்சால் இளக்கிச் சுரண்டித் தள்ள வேண்டும். உள்ளே குண்டூசித் தலை மாதிரிச் சின்னக் குழிகள் தெரியும். அவற்றின் ஆழத்தை அளந்தால் டயர் எந்தப் பக்கம் தேய்கிறது என்று தெரிந்துவிடும். பெரிய அணிகள் ஒரு பந்தயத்தில் செட் செட்டாகப் புது டயர் மாற்றும். எங்களிடம் இருந்தது இரண்டு செட். அதில் ஒன்று வேறோர் அணி சில சுற்று ஓட்டிவிட்டு விற்றது.

அதைவிட மோசமான ஞாயிறுகளும் உண்டு. 'ஸ்டார்ட் அண்ட் பார்க்' கேள்விப்பட்டிருப்பீர்கள். அப்போது நாஸ்காரின் முதல் நிலைத் தொடரான கப் பந்தயத்தில் 43 கார்கள். கடைசி இடத்துக்கும் கணிசமான பரிசுப் பணம். முழுப் பந்தயம் ஓடினால் டயர், இன்ஜின், பிட் ஆட்கள் என்று வருகிறதைவிடப் போகிறது அதிகம். அதனால் இருபது சுற்று ஓடிவிட்டு உள்ளே வந்துவிடுவது. ரேடியோவில் "வந்துடு" என்று ஒரே வார்த்தை. காரணம் கேட்டால் வைப்ரேஷன், பிரேக், ஹீட்டிங், ஏதாவது ஒன்று. எங்கள் ஓட்டுநர் ஹெல்மெட்டைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் காருக்குள்ளேயே இருப்பார். ஒரு கீறல் இல்லாத காரை நாங்கள் லாரியில் ஏற்றிக்கொண்டிருப்போம், சுவருக்கு அந்தப் பக்கம் மற்றவர்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். அதுபோலச் சங்கடமான சத்தம் நான் வேறெங்கும் கேட்டதில்லை.

2016-ல் சார்ட்டர் முறை வந்தபின் இது ஏறக்குறைய ஒழிந்தது. 36 கார்களுக்கு நிரந்தர இடம், மொத்தம் 40. மீதி நான்குக்குத்தான் சார்ட்டர் இல்லாதவர்கள் மோத வேண்டும். நாஸ்காரின் மிகப் பெரிய பந்தயமான டேட்டோனா 500-க்கு என்றால், வழக்கமாக இரண்டு இடம் தகுதிச் சுற்று வேகத்தில், இரண்டு இடம் அதற்கு முந்தைய வியாழக்கிழமை நடக்கும் 'டூயல்' என்ற தகுதிப் பந்தயங்களில்.

சின்ன ஆள் என்றால் அடியும் பலமாக விழும். 2009-ல் கார்ல் லாங் கதை தெரியுமா? சார்லட்டில், 'ஆல்ஸ்டார்' என்ற சிறப்புப் பந்தய வாரத்தில் ஓடிய அவருடைய இன்ஜின் 358 கன அங்குல வரம்பைத் தாண்டி 358.17 இருந்தது. வெளியில் வாங்கிய இன்ஜின். அபராதம் 2 லட்சம் டாலர்! கட்ட வழியில்லை. கப் தொடரில் மீண்டும் ஓட 2017 வரை ஆனது. விதி விதிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் 0.17-க்கு எட்டு வருடம் எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

கோவைக்காரன்:

நான் சொல்லப்போகிறவர் பெயர் தெரிந்தவர். எங்கள் ஊர் நரேன் கார்த்திகேயன். சென்னையில் பிறந்து கோவையில் வளர்ந்தவர், 2005-ல் ஃபார்முலா ஒன் (எஃப்1). அதோடு பலருக்குக் கதை முடிந்துவிடும். 2010-ல் அவர் நாஸ்கார் ட்ரக் சீரிஸில் ஓட்டியது எத்தனை பேருக்கு ஞாபகம்? முதல் பந்தயம் மார்ட்டின்ஸ்வில், அரை மைல் வட்டம். 600 கிலோ சொச்சம் எடையுள்ள எஃப்1 காரில் பழகியவர், ஒன்றரை டன் ட்ரக்கில் ஏறி 13-ஆவதாக வந்தார். அந்த சீசன் முழுக்க அவர் ஓடவில்லை, பத்துப் பந்தயம்கூட இருக்காது.

வருடக் கடைசியில் ரசிகர் ஓட்டெடுப்பு. எங்கள் ஹாஸ்டலில் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் கம்ப்யூட்டர் லேபுக்குப் போய் ஓட்டுப் போடுவதே வேலை. வார்டன் வந்து என்னடா பண்றீங்க என்றால், புராஜெக்ட் சார். அந்த வருடம் ட்ரக் சீரிஸின் மிகப் பிரபலமான ஓட்டுநர் விருது நரேனுக்கு! அமெரிக்கர்கள் தலையைச் சொறிந்திருப்பார்கள்.

ஒரு தடவை கோவையில் ஒரு கார்ட்டிங் டிராக்கில் அவரைப் பார்த்து, "சார், நாஸ்காருக்கு நாங்க ஓட்டுப் போட்டோம்" என்றேன். "நீங்கதானா அது?" என்று கேட்டுச் சிரித்தார். அவ்வளவுதான் பேச்சு. விருது வாங்கியும் 2011-ல் அங்கே தொடரவில்லை. எஃப்1-க்கே திரும்பிவிட்டார்.

பழைய பிட்காரன்:

கோவைக்காரரே, ஜெயித்தவனுக்கே அந்தக் கதிதான். 2011 டேட்டோனா 500. ட்ரெவர் பெய்ன், இருபது வயது முடிந்து ஒரே நாள், வுட் பிரதர்ஸின் 21-ஆம் எண் கார், கப் தொடரில் அவருக்கு இரண்டாவது பந்தயம். ஜெயித்துவிட்டார். ஆனால் அந்த வருடம் வந்த புது விதிப்படி ஒரு தொடரில்தான் புள்ளி எடுக்கலாம், அவர் பதிந்திருந்தது இரண்டாம் நிலைத் தொடரில். அவ்வளவு பெரிய வெற்றிக்கு சாம்பியன்ஷிப் கணக்கில் பூஜ்யம். பின்னால் நாக்ஸ்வில்லில் காப்பித் தொழில் ஆரம்பித்தார்.

விடாமல் பிடித்துத் தொங்கியவர்களும் உண்டு. மார்கன் ஷெப்பர்ட் 2014-ல் நியூ ஹாம்ப்ஷயரில் கப் பந்தயம் ஓடியபோது வயது 72. இரண்டாம் இடத்தில் ஓடிக்கொண்டிருந்த ஜோயி லோகானோ மீது மோதி, பெரிய சண்டையாகிவிட்டது. 72 வயதில் தேவையா என்று நானும்தான் திட்டினேன். இப்போது எனக்கு முட்டி வலிக்கும்போது அவரை நினைத்துக்கொள்கிறேன்.

கான்கார்ட்வாசி:

எங்கள் ஏசிக்காரருக்குப் போன இலையுதிர்காலத்தில் ஒரு பந்தயம் அமைந்தது. ஸ்பான்சர் பணம் கொஞ்சம் குறைந்ததால், காரின் பின்பக்கத்தில் ஆளுக்கொரு பெயர் ஒட்ட இடம் விற்றார்கள். நானும் ஒரு பெயருக்குப் பணம் கட்டி, தமிழிலேயே 'கதிர்' என்று டிசைன் அனுப்பினேன். தலைகீழாக ஒட்டிவிடப் போகிறார்கள் என்று மனைவி கவலைப்பட்டாள். சரியாகவே ஒட்டினார்கள்.

டிவியில் இரண்டு முறை கார் தெரிந்தது, பெயர் தெரியவில்லை. பாதிப் பந்தயத்தில் முன்னால் இரண்டு பேர் முட்டிக்கொள்ள, இவர் ஒதுங்க இடமில்லாமல் சுவரில் பின்பக்கமாக இடித்தார். அடி ஒன்றும் இல்லை. கதிர் மட்டும் ராத்திரி சாப்பிடவில்லை.

இரண்டு வாரம் கழித்து, ஹீட்டர் பார்க்க வந்தவர் கையில் ஒரு முறம் அளவுக்கு உடைந்த பாடித் துண்டு. ஓரமெல்லாம் டேப் சுற்றி, கை கிழிக்காதபடி செய்திருந்தார். 'ர்' சுவரோடு போய்விட்டது, 'கதி' மட்டும் இருக்கிறது. கராஜில் மாட்டியிருக்கிறோம். பில்லில் ஃபில்டருக்கு மட்டும்தான் காசு போட்டிருந்தார்.