மாறுதல் கிடைத்தால் சின்னப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் போகலாமா?

மலர்_டீச்சர்:
ஈராசிரியர் தொடக்கப் பள்ளி. ஒன்று முதல் மூன்று வரை என்னிடம். இந்த முறை பொது மாறுதல் கலந்தாய்வில் சொந்த ஊர்ப் பக்கம் இடம் கிடைக்கும் போலிருக்கிறது. "பிள்ளைகளிடம் மூச்சு விடாதீங்க, ஆணை வந்ததும் கிளம்பிடுங்க" என்கிறார் தலைமையாசிரியர். எனக்கு மனசு ஒப்பவில்லை. நீங்கள் என்ன செய்தீர்கள்?

கரும்பலகை:
நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். உங்கள் தலைமையாசிரியர் சொல்வதுதான் சரி. ஆறேழு வயதுப் பிள்ளைக்கு "அடுத்த மாதம் போகிறேன்" என்றால் என்ன புரியும்? அன்றிலிருந்து தினமும் "இன்னிக்குப் போறீங்களா மிஸ்?" என்று கேட்டே பாடம் நின்றுவிடும். ஒன்று அழ ஆரம்பித்தால் வகுப்பே அழும். புது டீச்சர் வந்தால் ஒரே வாரத்தில் ஒட்டிக்கொள்வார்கள். நான் பார்க்காததா?

ரெண்டு_பசங்க_அப்பா:
ஐயா, நீங்கள் பார்த்தது பள்ளிக்கூடத்தில். வீட்டில் நடப்பதை நாங்கள்தான் பார்க்கிறோம். என் பையன் ஒன்றாம் வகுப்பு படித்தபோது அவன் டீச்சர் சொல்லாமல் போய்விட்டார். அவர் அடிக்கடி சொல்வாராம்: "இப்படிச் சத்தம் போட்டீங்கன்னா நான் வேற ஸ்கூலுக்குப் போயிடுவேன்." ஒரு நாள் நிஜமாகவே காணோம். "நான் பேசிட்டே இருந்ததாலதான் மிஸ் போயிட்டாங்களாப்பா?" என்று ராத்திரி கேட்கிறான். இல்லைடா, அது கவர்மென்ட் மாறுதல் என்றால் அவனுக்கு என்ன புரியும்? அந்த டீச்சர் வாயால் ஒரு வார்த்தை வந்திருந்தால் போதும்.

கரும்பலகை:
அப்படி மிரட்டுவது தவறு, ஒத்துக்கொள்கிறேன். அதற்காக ஊரைக் கூட்டிப் பிரிவு விழா வைக்க வேண்டுமா? சேலை, குத்துவிளக்கு என்று பெற்றோர் காசு போட்டு வாங்குவதும், பிள்ளைகள் அழுவதை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பதும்... அந்தக் கண்ணீர் யாருக்காக?

உபரி_ஆசிரியன்:
சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்க நேரம் கிடைத்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள். நான் பணி நிரவலில், அதாவது உபரி ஆசிரியரை ஆள் தேவைப்படும் பள்ளிக்கு மாற்றுவதில், போனவன். கல்வி உரிமைச் சட்டக் கணக்கில் தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்தான். எண்ணிக்கை குறைந்ததும் நான் உபரி. ஆணை வாங்கிய கையோடு விடுவிப்பு. மேசையில் இருந்த நோட்டுகளைக்கூடத் திருத்தி முடிக்கவில்லை.

2018 ஜூனில் திருவள்ளூர் மாவட்டம் வெளியகரத்தில் நடந்தது நினைவிருக்கிறதா? உபரி என்று மாற்றப்பட்ட ஆங்கில ஆசிரியரைப் பிள்ளைகள் கட்டிப்பிடித்து விடவில்லை. படம் நாடு முழுக்கப் பரவி, மாறுதலைப் பத்து நாள் தள்ளி வைத்தார்கள். பிள்ளைகளுக்கு முன்கூட்டித் தெரிந்ததால்தான் அது நடந்தது. சில அதிகாரிகளுக்கு அதனாலேயே பயம்.

கரும்பலகை:
அது உயர்நிலைப் பள்ளி. அங்கே இருந்தவர்கள் விவரம் தெரிந்த பிள்ளைகள். இங்கே பேச்சு இரண்டாம் வகுப்பைப் பற்றி.

ரெண்டு_பசங்க_அப்பா:
சரி, நேரடியாகவே கேட்கிறேன். டீச்சர் போகும் செய்தி தெரிந்தால் பெற்றோர் டிசி வாங்கிப் பக்கத்துத் தனியார் பள்ளிக்குப் போய்விடுவார்கள், ஆசிரியர் பணியிடக் கணக்குக்கு எடுக்கும் ஆகஸ்ட் 1 மாணவர் எண்ணிக்கை விழுந்துவிடும், அடுத்த வருஷம் இன்னொரு பணியிடம் போகும் என்பதற்காகத்தானே மூச்சு விடாதே என்கிறீர்கள்? குழந்தையின் மனசு அப்புறம்தானே?

கரும்பலகை:
மறைக்கவில்லை, அதுவும் ஒரு காரணம்தான். இரண்டு வாத்தியார் உள்ள பள்ளியில் ஒருவர் போவதே பாதிப் பள்ளி போகிற மாதிரி. நல்ல டீச்சரை நம்பிச் சேர்த்த பத்துப் பெற்றோர் ஒரே வாரத்தில் கிளம்பிவிட்டால், மிச்சமிருக்கும் பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது? பள்ளி இருந்தால்தான் குழந்தையின் மனசைப் பற்றிப் பேசவே முடியும்.

தேன்சிட்டு:
போன வருஷம் மாறுதலில் வந்தவள் நான். எனக்கு முன்பிருந்த டீச்சர் பிள்ளைகளிடம் ஒரு வாரம் முன்பே சொல்லியிருந்தார். "உங்களுக்குப் புது மிஸ் வருவாங்க, அவங்களுக்கு நம்ம கிளாஸ்ல எது எங்க இருக்குன்னு தெரியாது, நீங்கதான் காட்டணும்" என்றாராம். நான் போன அன்று சாக்பீஸ் டப்பா முதல் சத்தம் போடும் ஃபேன் வரை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார்கள். அழுத பிள்ளைகளும் இருந்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. எனக்காக ஒரு தாளும் எழுதி வைத்திருந்தார். அரசின் எண்ணும் எழுத்தும் திட்ட ஆப்பைத் திறந்தால் கற்றல் நிலையில் யார் அரும்பு, யார் மொட்டு, யார் மலர் என்று தெரியும். யாருடைய அம்மா அப்பா திருப்பூரில் வேலை பார்க்கிறார்கள், யார் பாட்டியிடம் வளர்கிறார்கள் என்பது ஆப்பில் இல்லை, அந்தத் தாளில் இருந்தது. அந்தப் பிள்ளைகளை அம்மா அப்பாவே ஏற்கெனவே ஒருமுறை சொல்லாமல் விட்டுப் போயிருக்கிறார்கள்.

மலர்_டீச்சர்:
என் வகுப்பிலும் அப்படி மூன்று பேர். நான் சொல்லிவிடத்தான் போகிறேன். விழா கிடையாது, வீடியோ கிடையாது.

கரும்பலகை:
என் கருத்து மாறவில்லை. சொல்லியே தீருவீர்கள் என்றால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் சொல்லாதீர்கள். சனி ஞாயிறு முழுக்க வீட்டில் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டிருக்கும். திங்கள் காலை, காலை உணவு முடிந்த பிறகு சொல்லுங்கள்.

உபரி_ஆசிரியன்:
ஆணை வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தால், ஐயா?