"ஒப்புதல் வந்துவிடும், இப்போதே சேருங்கள்" என்கிறார்கள்: புது எம்.பி.ஏ.வில் அக்காவைச் சேர்க்கலாமா?

கரூர்_தங்கை:

எல்லோருக்கும் வணக்கம். திங்கட்கிழமைக்குள் பணம் கட்டச் சொல்கிறார்கள், அதனால் நீளமாக இருந்தாலும் தயவுசெய்து படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

என் அக்கா கரூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் கணக்குப் பிரிவில் பத்து வருஷமாக வேலை பார்க்கிறாள். பி.காம். ரெகுலரில் முடித்தவள். எம்.பி.ஏ. இருந்தால் மேனேஜர் பதவிக்குப் பெயரைச் சேர்க்கலாம் என்று கம்பெனியிலேயே சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பிள்ளைகள், காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் இரவு எட்டுக்குத்தான் வீடு, ஆக கரஸ், அதாவது தொலைநிலைப் படிப்பு, தவிர வேறு வழியில்லை.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் ஸ்டடி சென்டர் இருக்கிறது. வெளியே பெரிய போர்டு, வடமாநிலத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் சின்னம், "யுஜிசி அங்கீகாரம் பெற்றது" என்று சிவப்பு எழுத்து. அக்கா கேட்டது லாஜிஸ்டிக்ஸ் எம்.பி.ஏ. அவர்கள் சொன்னது: "இது புதுப் படிப்பு மேடம், இந்த வருஷம்தான் ஆரம்பிக்கிறோம், அப்ளை பண்ணியாச்சு, ரெண்டு வாரத்துல ஆர்டர் வந்துடும், நீங்க அட்மிஷன் போட்டு வைங்க." அக்கா அங்கேயே 2,000 ரூபாய் கட்டிவிட்டு வந்துவிட்டாள். வீட்டில் ரசீதைப் பார்த்தேன். ரசீதில் பல்கலைக்கழகத்தின் பெயரே இல்லை, சென்டர் பெயரும் ஒரு ரப்பர் ஸ்டாம்பும்தான். எனக்கு அங்கேயே மனசு கேட்கவில்லை.

பல்கலைக்கழகம் உண்மையானதுதான், தேடிப் பார்த்தேன், மாநில அரசின் பல்கலைக்கழகம். அப்படியென்றால் அதன் எல்லாப் படிப்பும் செல்லும்தானே? ஒப்புதல் பிறகு வந்தால் போதாதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பழைய_ஒருங்கிணைப்பாளர்:

தங்கச்சி, திங்கட்கிழமை பணம் கட்டாதீர்கள். முதலில் அதை நிறுத்துங்கள், காரணத்தை அப்புறம் விளக்கமாகச் சொல்கிறேன்.

நான் ஒரு பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்விப் பிரிவில் சில வருஷம் இருந்தேன். புதுப் படிப்புக்கு ஒப்புதல் வாங்கும் கோப்புகளைத் தயாரித்ததே நாங்கள்தான். வெளியே பலருக்கும் தெரியாதது இதுதான்: அங்கீகாரம் பல்கலைக்கழகத்துக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை, படிப்பு படிப்பாகக் கிடைப்பது. அதுவும் எந்தக் கல்வியாண்டு, எந்தப் பருவம் என்று குறித்தே கிடைக்கும். ஜூலை-ஆகஸ்ட் ஒரு பருவம், ஜனவரி-பிப்ரவரி இன்னொன்று. எம்.காம்.க்கு இருக்கும், பக்கத்திலேயே எம்.பி.ஏ.க்கு இருக்காது. போன வருஷம் இருந்திருக்கும், இந்த வருஷம் இருக்காது. "யுஜிசி அங்கீகாரம் பெற்றது" என்ற போர்டு அந்த எம்.பி.ஏ.வைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை.

இப்போது நடைமுறையில் இருப்பது 2020 செப்டம்பரில் யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, வெளியிட்ட ஒழுங்குமுறைகளும் அதற்குப் பின் வந்த திருத்தங்களும். அதன்படி தொலைநிலையில் நடத்த விரும்பும் பல்கலைக்கழகத்துக்கு நாக் (தர மதிப்பீட்டுக் குழு) மதிப்பெண் நான்குக்கு 3.01-ஆவது இருக்க வேண்டும், இல்லையென்றால் என்.ஐ.ஆர்.எஃப். என்ற தேசியத் தரவரிசைப் பட்டியலில் முதல் 100-க்குள் வர வேண்டும் (திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களுக்குக் கணக்கு வேறு). அது வாசற்படி மட்டும்தான். அதைத் தாண்டிய பிறகு ஒவ்வொரு புதுப் படிப்புக்கும் ஒரு திட்ட அறிக்கை எழுத வேண்டும், பிபிஆர் என்போம். யாருக்காக இந்தப் படிப்பு, தொலைநிலையில் சொல்லிக்கொடுக்கத் தகுந்ததுதானா, பாடத்தை எப்படிப் பிரிக்கிறீர்கள், நூலகம், ஆய்வகம் என்ன இருக்கிறது, செலவு எவ்வளவு, தரத்தை யார் பார்ப்பார்கள் என்று எல்லாமே அதில் வர வேண்டும். கல்விப் பேரவை போன்ற குழுக்களில் வைத்து ஒப்புதல் வாங்க வேண்டும். மாணவர் தானே படித்துப் புரிந்துகொள்ளும்படி எழுதிய பாடநூல் தயாராக இருக்க வேண்டும். தொலைநிலைக்கென்றே முழுநேர ஆசிரியர்களைக் காட்ட வேண்டும், ரெகுலர் துறையில் இருப்பவர் பெயரையே இங்கேயும் எழுதிவிட முடியாது. எல்லாம் சரி என்று உறுதிமொழிப் பத்திரமும் தர வேண்டும்.

எங்கள் இடத்தில் ஒரு தடவை ஏழு படிப்புகளுக்கு விண்ணப்பித்தோம். கடைசி நாள் இரவு பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்து ஸ்கேன் செய்து ஏற்றினோம். கிடைத்தது ஐந்துக்கு. மற்ற இரண்டும் ஆசிரியர் போதாது என்று திரும்பி வந்தன. அந்த இரண்டையும் கேட்டுப் பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தார்கள், ஆனாலும் ஒருவரைக்கூடச் சேர்க்கவில்லை, சேர்க்கக் கூடாது. விண்ணப்பித்ததும் ஒப்புதல் பெற்றதும் ஒன்றல்ல என்பதை நான் அந்த மேஜையில் உட்கார்ந்துதான் கற்றுக்கொண்டேன்.

அடுத்தது சென்டர். மாநிலப் பல்கலைக்கழகம் தொலைநிலையில் தன் எல்லைக்குள்தான் கற்போர் உதவி மையம் வைக்கலாம். வடமாநிலப் பல்கலைக்கழகத்துக்குக் கரூரில் மையம் என்பதே விதிக்கு வெளியே. அதற்கு மேல், மையத்தை ஃபிரான்சைஸ் கொடுக்கவே கூடாது. இந்த எல்லைப் பேச்சு நேற்று வந்ததும் இல்லை. சத்தீஸ்கரில் ஒரு சட்டம் போட்டுத் தனியார் பல்கலைக்கழகங்களாகத் திறந்து தள்ளினார்கள், நூற்றுக்கும் மேல், பலவற்றுக்குக் கட்டடம்கூட இல்லை. பேராசிரியர் யஷ்பால் வழக்குப் போட்டு 2005-இல் உச்ச நீதிமன்றம் அவற்றை ரத்து செய்தது. ஒரு மாநிலச் சட்டத்தால் உருவான பல்கலைக்கழகம் இன்னொரு மாநிலத்தில் போய் வளாகம் திறக்க முடியாது என்பது அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது.

ஆன்லைன் முறை என்றால் எல்லைக் கட்டுப்பாடு இல்லை. நாட்டில் எங்கிருந்தும் சேரலாம். ஆனால் அதற்கு எதற்கு ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரு சென்டர்?

போனிலேயே பார்க்கலாம்: யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவுக்கு, டெப் என்பார்கள், தனி இணையதளம் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் பெயர், இந்த ஆண்டு, இந்தப் பருவம், பிறகு படிப்பின் பெயர். நான்கும் ஒரே வரியில் பொருந்த வேண்டும். உயர்ந்த தரத்தில் இருக்கும் சில பல்கலைக்கழகங்கள் முன் அனுமதி இல்லாமலே புதுப் படிப்பு தொடங்கலாம், ஆனால் அவற்றின் பெயரும் அங்கேயே தனிப் பட்டியலில் இருக்கும்.

---

மின்கம்பி:

அண்ணன் சொன்னது எல்லாம் சரி. "ஒப்புதல் பிறகு வந்தால் போதாதா" என்று தங்கச்சி கேட்டிருக்கிறீர்கள், அந்த ஒரு கேள்விக்காக எழுதுகிறேன்.

எனக்கு ஒப்புதல் பிறகு வந்தது. நான் டிப்ளமோ முடித்து ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் வேலையில் இருந்தவன். 2003-இல் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் தொலைநிலை பி.டெக். சேர்ந்தேன், ஞாயிற்றுக்கிழமை வகுப்பு, வேறொரு பாலிடெக்னிக்கின் லேபில் செய்முறை. அப்போதும் இதே வார்த்தையைத்தான் சொன்னார்கள், அனுமதி வந்துகொண்டிருக்கிறது என்று. வந்தும் விட்டது. அன்றைக்கு இருந்த தொலைநிலைக் கல்விக் குழு முன்தேதியிட்டு ஒப்புதல் கொடுத்தது. நானும் பட்டத்தை வாங்கி, பதவி உயர்வும் வாங்கினேன். பதினோரு வருஷம் நிம்மதியாக இருந்தேன்.

2017 நவம்பர் 3 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. என்னுடையதையும் சேர்த்து நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள். ஏ.ஐ.சி.டி.இ. (தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழு) அனுமதி இல்லாமல் நடத்திய பொறியியல் படிப்பு, பின்னால் கொடுத்த ஒப்புதல் செல்லாது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டம் நிறுத்திவைப்பு, ஏ.ஐ.சி.டி.இ. நடத்தும் எழுத்துத் தேர்விலும் செய்முறையிலும் தேறினால் பிழைக்கும், இரண்டு வாய்ப்புகள். 2005-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு அதுவும் இல்லை, பட்டமே ரத்து.

அன்று இரவு சாப்பிடவில்லை. நாற்பது வயது தாண்டியவன், என் பெண் பத்தாம் வகுப்பு. பரணில் இருந்து மின்சுற்றுப் புத்தகங்களை இறக்கினால் ஓரமெல்லாம் கரையான் அரித்திருந்தது. அவள் ஒரு பக்கம் கணக்குப் போட, அதே மேஜையில் எதிர்ப்பக்கம் நான். "அப்பா உனக்கும் பரீட்சையா" என்று கேட்டாள். 2018-இல் எழுதித் தேறினேன். எனக்குப் பின் மூன்று வருஷம் கழித்துச் சேர்ந்த நண்பன் ஒருவன், என்னைவிட நன்றாகப் படித்தவன், அவனுக்கு எழுதவே வழியில்லை. அவன் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு இன்றும் கஷ்டமாக இருக்கிறது.

நாங்கள் யாரும் ஏமாற்றவில்லை. பணம் கட்டினோம், படித்தோம், எழுதினோம். தப்பு செய்தது வேறு யாரோ, தண்டனை எங்களுக்கு. உங்கள் அக்காவுக்கு அது வேண்டாம்.

---

சேலத்தான்:

எல்லோரும் ரொம்பப் பயமுறுத்துகிறீர்கள். நான் 2009-இல் வேறு மாநிலப் பல்கலைக்கழகத்தில், இங்கே சேலத்திலேயே ஸ்டடி சென்டரில் எம்.பி.ஏ. படித்தேன். தனியார் வங்கியில் வேலை, யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கரஸ் பட்டம் என்றாலே மட்டம் என்ற நினைப்பைத்தான் மாற்ற வேண்டும்.

---

பழைய_ஒருங்கிணைப்பாளர்:

சேலத்துத் தம்பி, கடைசி வரியில் உங்களோடு முழுமையாக நிற்கிறேன். உரிய ஒப்புதலோடு படித்த தொலைநிலைப் பட்டமும் ஆன்லைன் பட்டமும் ரெகுலர் பட்டத்துக்குச் சமம். 2020 ஒழுங்குமுறையில் இருக்கிறது, 2022-இல் யுஜிசி மறுபடியும் தெளிவாகச் சொன்னது. தமிழ்நாட்டில் எத்தனை ஆசிரியர்கள், எத்தனை அரசு ஊழியர்கள் கரஸில் படித்து மேலே வந்தவர்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1971-லேயே அஞ்சல் வழிக் கல்வி தொடங்கிவிட்டது. எங்கள் அம்மா தபால்காரர் கொண்டுவந்த பாடக்கட்டுகளைச் சமையல்கட்டில் வைத்துப் படித்துத்தான் பி.ஏ. வாங்கினார்.

ஆனால் உங்கள் காலம் வேறு. அப்போது தொலைநிலைக் கல்விக் குழு பார்த்துக்கொண்டது, அது 2013-இல் கலைக்கப்பட்டு பொறுப்பு யுஜிசிக்கு வந்தது. எல்லை விஷயத்தில் அதற்குப் பிறகு பிடி இறுகிவிட்டது. பட்டம் எந்த வருஷம் வாங்கினோம் என்பதைவிட எந்த வருஷம் சேர்ந்தோம், அன்றைக்கு அனுமதி இருந்ததா என்றுதான் பார்ப்பார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், எவ்வளவு பெரிய பெயர், அதன் தொலைநிலைப் படிப்புகளுக்கே 2014-15 வரைதான் ஏற்பு இருந்தது என்று 2022-இல் யுஜிசி பொது அறிவிப்பு விட்டது. பெயரை நம்பிச் சேர்ந்த பிள்ளைகள் தவித்துப் போனார்கள். இன்றைய நிலையை எந்தப் பல்கலைக்கழகமாக இருந்தாலும் பட்டியலில்தான் பார்க்க வேண்டும்.

தனியார் கம்பெனியில் கேட்காமல் விட்டுவிடலாம் தம்பி. அரசு வேலைக்குச் சான்றிதழ் சரிபார்ப்பில் உட்காரும்போதுதான் கேட்பார்கள்.

---

மேஜை_விளக்கு:

ஒன்று சேர்க்கிறேன். 2024-இல் இருந்து தொலைநிலை, ஆன்லைன் படிப்புகளில் சேர டெப் ஐடி கட்டாயம். ஏபிசி கணக்கு (மாணவரின் கல்வி மதிப்பெண்களைச் சேமிக்கும் இணையக் கணக்கு) வைத்து மாணவரே உருவாக்கிக்கொள்ளலாம், காசு கிடையாது. சென்டர்காரர்கள் அதைப் பற்றிப் பேசவே இல்லையென்றால் அதுவே ஒரு பதில். இன்னொன்று, சில படிப்புகளைத் தொலைநிலையில் நடத்தவே முடியாது: பொறியியல், மருத்துவம், நர்சிங், சட்டம், இப்படி. 2025-இல் உளவியலும் இந்தப் பட்டியலில் சேர்ந்தது. என் தோழி எம்.எஸ்சி. உளவியல் கரஸில் சேரக் காத்திருந்தாள், அவளுக்கு அதோடு கதவு மூடியது.

---

கரூர்_தங்கை:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு அக்காவும் நானும் உட்கார்ந்து டெப் தளத்தில் பார்த்தோம். பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் எம்.ஏ., எம்.காம். எல்லாம் இருக்கிறது. எம்.பி.ஏ. இல்லை. அக்கா மூன்று தடவை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள், ஒன்றும் பேசவில்லை.

இன்று காலை பல்கலைக்கழகத்தின் சொந்த இணையதளத்தில் இருந்த எண்ணுக்கே போன் செய்தேன். இந்தி எனக்கு அரைகுறைதான், ஆனாலும் எடுத்தவர் பொறுமையாகப் பேசினார். தமிழ்நாட்டில் எங்களுக்கு மையமே கிடையாது என்று சொல்லிவிட்டார். மதியம் சென்டருக்குப் போய் அதைச் சொன்னோம், ஸ்கிரீன்ஷாட்டையும் காட்டினோம். முதலில் 2,000 ரூபாய் ஃபார்ம் காசு, திரும்பாது என்றார்கள். எழுத்தில் கொடுங்கள், யுஜிசிக்கு அனுப்புகிறோம் என்று அக்கா சொன்னாள். என் அக்கா அப்படிப் பேசி நான் பார்த்ததே இல்லை. 1,500 கையில் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

டெப் ஐடி உருவாக்கிவிட்டாள். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் இந்தப் பருவத்தில் எம்.பி.ஏ. இருக்கிறதா என்று பட்டியலில் பார்த்துவிட்டு முடிவு செய்யப் போகிறோம். மின்கம்பி அண்ணா, உங்கள் பதிவை அக்கா இரண்டு தடவை படித்தாள். உங்கள் நண்பர் இப்போது என்ன செய்கிறார் என்று கேட்கச் சொன்னாள்.

---

மின்கம்பி:

டிப்ளமோ தகுதியிலேயே வேலையில் தொடர்கிறான் அம்மா. போன வருஷம் அவன் பையன் பொறியியல் சேர்ந்தான், ரெகுலரில். கவுன்சலிங்குக்கு முன்னால் அந்தக் கல்லூரியின் அனுமதிக் கடிதத்தை அந்த வருஷத் தேதியோடு பிரிண்ட் எடுத்து என்னிடம் கொண்டுவந்து, "நீயும் ஒரு தடவை படித்துப் பார்" என்று நீட்டினான்.