ஆயக்காரன்புலம் வீடு (குடும்பக் குழு)

கவிதா: ஞாயித்துக்கிழமை வளைகாப்புக்குப் பந்தி மாடி ஷெட்டுலயா கீழயா? சமையல்காரர் கேக்குறார். டிவில தாழ்வு மண்டலம்ங்கிறான்

பெரியம்மா: மாடியா?? கஜா புயல் மறந்துபோச்சா

செந்தில்: அது பழைய ஷீட்டு பெரியம்மா. இது கலர் ஷீட்டு, நல்ல கனம்

மோகன் சித்தப்பா: கனத்தை நம்பாதே செந்தில். 120 கி.மீ. காத்துன்னா சதுர மீட்டருக்கு சுமார் 68 கிலோ அழுத்தம். 10க்கு 10 அடிக்கு 600 கிலோவைத் தாண்டும். அந்த இடத்து ஷீட்டு 50 கிலோ தேறாது. நம்மது தொறந்த ஷெட்டு, கீழ பூந்த காத்து தள்ளும், மேல போற காத்து உறிஞ்சும். ஓரத்துலயும் மூலையிலயும் இன்னும் மோசம்.

அருண் சிங்கை: 👍

செந்தில்: ஸ்க்ரூ நெருக்கமாத்தான் அடிச்சிருக்கு

மோகன் சித்தப்பா: ஸ்க்ரூ ஷீட்டைப் பிடிக்கும், ஷீட்டுக்குக் கீழ ஓடுற பர்லினை (சி வடிவ இரும்புச் சட்டம்) யாரு பிடிக்கிறது? பாரம் கீழ அமுக்குறப்ப சி பர்லினோட மேல் விளிம்புதான் நசுங்கப் பாக்கும், அதை ஷீட்டே பிடிச்சுக்கும். காத்து தூக்குறப்ப கீழ் விளிம்பு. அதுக்குப் பிடிமானமே கிடையாது. 2 மி.மீ. தகடு, பக்கவாட்டுல திரும்பிடும். 2018ல கஜாவுக்கப்புறம் கொல்லையில கெடந்ததுல ஸ்க்ரூ அப்படியே இருந்துச்சு, பர்லின்தான் முறுக்கு மாதிரி. ஒவ்வொரு ஸ்பேனுக்கும் (ரெண்டு தாங்கலுக்கு இடைப்பட்ட நீளம்) நடுவுல, கீழ் விளிம்பை ஒட்டி, பர்லினுக்குப் பர்லின் ஆங்கிள் (எல் வடிவ இரும்பு) வைக்கணும். கம்பி மட்டும்னா இழுக்கும், தள்ளாது.

பெரியம்மா: கொல்லையிலயா? எங்க மாமரத்து மேல. இன்னி வரைக்கும் ஒருத்தரும் கேக்கல

கவிதா: ஆரம்பிச்சாச்சு 🙏

அருண் சிங்கை: அந்த ஒட்டு மாவா? காய்க்குதா இப்ப

பெரியம்மா: ஒரு கிளைதான். அதையும் யார் பறிக்கிறான்னு எனக்குத் தெரியும்

மோகன் சித்தப்பா: அண்ணி, மரத்தை அப்புறம் பேசுவோம். செந்தில், தூண் அடியில இருக்குற தகட்டை (பேஸ் பிளேட்) கான்கிரீட்டோட பிடிக்க ஆங்கர் போல்ட் இருக்கா, வெறும் சிமெண்டா?

செந்தில்: பாக்கணும். ஆங்கிள் செலவு யாரு? ஷெட்டுக்கு நான் போட்டதே இன்னும் கணக்குல வரல

பெரியம்மா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கவிதா: 🤦

அருண் சிங்கை: பாதி நான் அனுப்புறேன்ணே

செந்தில்: வெல்டிங்காரர் வியாழன் வர்றேன்னார்

மோகன் சித்தப்பா: வெல்டிங் வேணாம்!! சூட்டுல துத்தநாகப் பூச்சு போயிடும், உப்புக்காத்து தின்னுடும். ஓட்டை போட்டு போல்ட்டு.

செந்தில்: அவர்ட்ட டிரில் இருக்கான்னு கேக்குறேன்

கவிதா: பந்தி?

பெரியம்மா: கீழ

செந்தில்: வியாழன் பாத்துட்டுச் சொல்றேனே

அருண் சிங்கை: கலவை சாதம் எத்தனை வகை? புளியோதரை உண்டுல்ல