தெர்வார்: மண்வளமா, நிலவாகா?

வணக்கம்.

ஓரிடத்து நிலமும் தட்பவெப்பமும் அங்கே விளையும் திராட்சைக்கும் ஒயினுக்கும் தரும் தன்மையைப் பிரெஞ்சில் 'தெர்வார்' என்பார்கள். அந்தச் சொல்லுக்கு நம் கலைச்சொல் பட்டியலில் 'மண்வளம்' என்று எழுதியிருக்கிறோம். இதை இப்படியே விடக் கூடாது. பொருள் தலைகீழாகிவிடுகிறது.

ஷாத்தோ லத்தூரைப் பாருங்கள். போர்தோவுக்கு வடக்கே, மெதோக் பகுதியில், போயாக் ஊர் எல்லையில் உள்ள பழைய ஒயின் பண்ணை அது. 1855இல் போர்தோ சிவப்பு ஒயின்களைத் தரம் பிரித்தபோது முதல் தரத்தில் இடம்பெற்ற நான்கில் ஒன்று. மாளிகையைச் சுற்றி 'லாங்க்ளோ' (அடைப்பு) என்ற 47 ஹெக்டேர் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. லத்தூர் என்ற பெயரில் வரும் தலையாய ஒயினுக்கு அந்த அடைப்பின் பழம் மட்டுமே சேரும்.

அந்த நிலத்தில் கண்ணில் படுவது சரளைதான். முட்டை அளவுக் கூழாங்கற்களும் உண்டு. பெய்த மழை தங்காமல் வடிந்துவிடும். நீர் தேடி வேர் ஆழத்துக்கு இறங்க வேண்டும். அடியில் களிமண் பிடித்துவைத்திருக்கும் ஈரம் கோடையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைக்கும். பகலில் காய்ந்த கல் இரவில் சூட்டை விடும். அங்கே பெரும்பாலும் உள்ள கபர்னே சோவிஞ்ஞோன் பிந்திப் பழுக்கும் திராட்சை ரகம். அதற்கு அந்தச் சூடு வேண்டும். மண் கொழுத்திருந்தால் கொடி இலையாகத் தள்ளும், பழத்தில் சாரம் இருக்காது. வளமில்லாததே இந்த நிலத்தின் பேறு. இதைப் போய் 'மண்வளம்' என்றால் படிக்கிறவர் என்ன நினைப்பார்?

மண்ணோடும் இது முடியவில்லை. சில நூறு மீட்டரில் ஜிரோந்து கழிமுகம். அந்த அகன்ற நீர்ப்பரப்பு குளிரைத் தணிக்கிறது. 2017 ஏப்ரல் உறைபனியில் போர்தோவின் உள்பகுதித் தோட்டங்களில் தளிர் கருகியபோது ஆற்றோரத் தோட்டங்கள் பெரும்பாலும் தப்பின. நல்ல கொடி ஆற்றைப் பார்த்து நிற்கும் என்பது மெதோக்காரர் பேச்சு.

கல், களி, சரிவு, ஆறு, காற்று எல்லாம் சேர்ந்து ஒரு நிலத்துக்கு அமைந்த தன்மையைச் சொல்ல 'நிலவாகு' என்ற சொல்லை முன்வைக்கிறேன். உடல்வாகு என்கிறோம் அல்லவா? உழவர் வாயில் மண்வாகு இருக்கிறது. ஒருவருக்கு உடல்வாகு போல ஓர் இடத்துக்கு நிலவாகு.

———

வணக்கம் அம்மா.

மண்வளம் தவறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிலவாகு என்றதும் எனக்கு மேடுபள்ளம்தான் தோன்றுகிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று தொல்காப்பியம் சொல்கிறது. தட்பவெப்பம் பொழுதில் அடங்கிவிடும். 'திணை' என்ற சொல் கையில் இருக்கும்போது புதிதாக ஒன்று எதற்கு?

———

ஐயா, வணக்கம்.

திணையை நானும் முதலில் எழுதிப் பார்த்தேன். எழுதி முடித்ததும் நிறைவாகத்தான் இருந்தது. ஆனால் திணை வகையைச் சொல்கிறது. எத்தனையோ ஊர்கள் மருதத்தில் அடங்கும். தெர்வார் சுட்டுவது ஒரே ஓர் இடத்தை. லத்தூருக்குத் தெற்கே சிறிய ஓடை ஒன்று ஓடுகிறது. அதைத் தாண்டினால் சேன் ஜூலியேன் ஊரின் லெயோவில் லாஸ் காஸ் பண்ணை. அங்கும் சரளை, அங்கும் கபர்னே, அதே ஆறு. திணை என்றால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஓடைக்கு இப்புறமும் அப்புறமும் ஒயின் வேறாக இருப்பதைச் சொல்வதற்குத்தான் பிரெஞ்சில் அந்தச் சொல்லே புழங்குகிறது.

மேடுபள்ளம் தோன்றும் என்பது நியாயமான கவலை. அதற்கு விளக்க வரி போதும் என்று நினைக்கிறேன்: 'நிலவாகு: மண், அடிமண், சரிவு, நீர், தட்பவெப்பம் ஆகியவை சேர்ந்து ஓரிடத்து விளைச்சலுக்குத் தரும் தனித்தன்மை.' முதற்பொருள் பற்றித் தாங்கள் சொன்னதையும் அதன் கீழே சேர்த்துவிடலாம். அந்த வழியாக வருகிறவருக்குச் சட்டென்று பிடிபடும்.

புவிசார் குறியீட்டோடு இதைக் குழப்பாமல் இருப்பதும் முக்கியம். அது சட்டம் தரும் பெயர்க்காப்பு. கம்பம் பன்னீர்த் திராட்சைக்குக் குறியீடு 2023இல் கிடைத்தது. அதன் நிலவாகு அதற்கு முன்பும் அங்கேயேதான் இருந்தது.

'ஷாத்தோ' அப்படியே இருக்கட்டும். 'கோட்டை' என்று மாற்றினால் லத்தூரில் இல்லாத கோட்டையை வாசகர் தேடுவார். இப்போது அங்கே நிற்கும் வட்டக் கோபுரம் புறாக்கூண்டாகக் கட்டியது.