குடும்பத்தோடு முதல் கூடாரம்: எதை வாங்குவது, எதை விடுவது?

முதல்கூடாரம் கேட்டது:

வணக்கம். அடுத்த மாதம் இரண்டு இரவு கூடாரத்தில் தங்கப் போகிறோம். நான், கணவர், பத்து வயதுப் பெண், ஐந்து வயதுப் பையன், கூடவே மாமியார். அவருக்கு 68 வயது, முழங்கால் வலி வேறு. ஆனால் "என்னை விட்டுட்டுப் போனா திரும்பி வந்து என்கிட்ட பேசாதீங்க" என்று முன்பே சொல்லிவிட்டார். கார் டென்ட் போடும் இடத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும். தண்ணீர்க் குழாய் உண்டு, கழிப்பறை கொஞ்சம் நடந்தால் வந்துவிடும். மின்சாரம் கிடையாது. இரவில் 8, 10 டிகிரிக்கு இறங்குமாம். மழை வரலாம், வராமலும் போகலாம்.

என் தலைவலி பட்டியல்தான். கணவர் வீடியோ பார்த்துப் பார்த்து எழுதியது நான்கு பக்கம் ஓடுகிறது. கோடாரி, மடக்கு மண்வெட்டி, சோலார் விளக்குச் சரம், டென்டுக்குள் வைக்கிற கேஸ் ஹீட்டர், காம்பஸ். கழிப்பறைக்குப் போய்வரக் காம்பஸ் எதற்கு என்று கேட்டேன், பதில் இல்லை. அத்தனையும் வாங்கக் காசும் இல்லை, வாங்கினால் வைக்க வீட்டில் இடமும் இல்லை. எதில் பணம் போடலாம், எதைக் கடன் வாங்கலாம், எதைத் தொடவே வேண்டாம்? நால்வர் டென்ட் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். பையன் பொடியன்தானே, ஐந்து பேரும் அடங்கிவிடலாம் என்பது அவர் கணக்கு.

ஈரத்தரை எழுதியது:

முதல் வேலையாக அந்த ஹீட்டரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். டென்டுக்குள் எரியும் எதுவும் வேண்டாம். கேஸ் அடுப்போ கரியோ, வெளியில் எரிந்து அடங்கிய கரிச்சட்டியோ, எல்லாமே கார்பன் மோனாக்சைடு விடும். அதற்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை, தூங்குகிறவர்களை எழுப்பாது. வாசல் ஜிப்பைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதும் என்று வீடியோவில் சொல்வார்கள். நம்பாதீர்கள். வாசலை ஒட்டிய முன்தடுப்பில் சமைப்பதும் எனக்குச் சம்மதமில்லை, அந்தத் துணி பற்றிக்கொண்டால் அணைக்க நேரம் இருக்காது.

ஹீட்டர் இல்லாமல் குளிரை எப்படிச் சமாளிப்பது என்று கேட்பார். குளிர் மேலிருந்து வருவதைவிடக் கீழிருந்துதான் அதிகம் வரும். நாம் படுத்ததும் முதுகுக்கு அடியில் போர்வையும் ஸ்லீப்பிங் பேக்கும் நசுங்கிவிடுகின்றன. நசுங்கியதில் காற்று இல்லை, காற்று இல்லாவிட்டால் கதகதப்பும் இல்லை. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பேக்காக இருந்தாலும் கீழ்ப்பக்கம் வெறும் துணிதான். அதனால் உங்களிடம் இருக்கும் பணத்தைப் பாய்க்குப் போடுங்கள். மேட் உறையில் 'ஆர் மதிப்பு' என்று ஓர் எண் இருக்கும். எண் கூடக்கூடத் தரை நம் சூட்டை உறிஞ்சுவது குறையும். நீங்கள் சொல்லும் குளிருக்கு 2க்குக் குறையாமல் பாருங்கள், மாமியாருக்கு 4 பக்கம் போகலாம். இந்த எண்களைக் கூட்டிக்கொள்ளலாம் என்பது நல்ல விஷயம்: 2 உள்ள நுரைப் பாய் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று போட்டால் 4. காற்றடிக்கும் தடித்த ஏர் பெட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். உள்ளே வெறும் காற்றுதான், அது சுழன்று சுழன்று உடம்புச் சூட்டைத் தரைக்குக் கொண்டுபோய்க் கொட்டும். வீட்டில் ஏற்கெனவே இருந்தால் எடுத்துப் போங்கள், ஆனால் மெத்தைக்கு மேலே நுரைப் பாய் ஒன்றை விரியுங்கள்.

ஸ்லீப்பிங் பேக்? கார் பக்கத்தில் நிற்கிறதே, வீட்டுக் கம்பளியும் ரஜாயும் தாராளமாகப் போதும். முதுகில் சுமந்து நடப்பவர்களுக்குத்தான் எடை பிரச்சினை. வாங்கியே தீருவேன் என்றால் உறையில் இருக்கும் 'கம்ஃபர்ட்' வெப்பநிலையை மட்டும் பாருங்கள். பக்கத்தில் 'எக்ஸ்ட்ரீம்' என்று பெரிதாக அச்சடித்திருப்பது உயிர் தப்பும் எல்லை, தூக்கம் வரும் எல்லை இல்லை. கம்ஃபர்ட் 5 டிகிரி இருந்தால் உங்களுக்குச் சரி. இன்னொன்று, பெரியவர்கள் பேக்கின் டிகிரியை அளக்க இருக்கிற ஐஎஸ்ஓ 23537 என்ற சர்வதேசத் தரம் குழந்தைகளுக்கான பேக்குகளைச் சேர்த்துக்கொள்வதில்லை. ஆகவே சின்னப் பேக்கில் போட்டிருக்கும் டிகிரி தயாரித்தவர் சொல்கிற கணக்குதான். பையனுக்கு ஒரு கம்பளி கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள், முடிந்தது.

இனி அந்த நால்வர் டென்ட். நால்வர் என்றால் நான்கு பாய்களை இடைவெளி இல்லாமல் விரித்து, நான்கு பேர் தோளோடு தோள் உரசிப் படுக்கலாம் என்று பொருள். பை, செருப்பு, ஈரத் துண்டு எதையும் அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். உங்கள் ஐந்து பேருக்கு அதில் இடமே இல்லை. ஆறு பேர் டென்ட் என்றால் இறுக்கம், எட்டு பேர் டென்ட் என்றால் நிம்மதி. டென்டைக் கடன் வாங்குங்கள். ஆண்டுக்கு ஒருமுறை விரித்துவிட்டு மறந்துபோகிறவர்கள் எல்லோருடைய பழக்கத்திலும் ஒருத்தராவது இருப்பார்கள். வாங்கி வந்ததும் மொட்டை மாடியிலோ பூங்காவிலோ ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். ஒரு கம்பு குறைந்தாலும் அங்கே போய்த் தெரியக் கூடாது.

கோடாரி வேண்டாம். ஐந்து வயசு ஓடித் திரியும் இடத்தில் அதைக் கண்ணில் காட்டாதீர்கள்.

தார்ப்பாய் எழுதியது:

ஹீட்டர், பாய் இரண்டிலும் ஈரத்தரை சொன்னதே என் கருத்தும். எட்டு பேர் டென்டில்தான் எனக்கு ஒட்டவில்லை. அவ்வளவு பெரிய துணி காற்றை வாரிப் பிடிக்கும். நிறுத்த இரண்டு பேர் வேண்டும், சமதளமும் பெரிதாக வேண்டும். நான் சொல்வது இரண்டு டென்ட். ஒன்றில் நீங்கள் நால்வர், இன்னொன்றில் மாமியாரும் சாமான்களும். பெண் பாட்டியோடு படுக்க விரும்பினால் இன்னும் வசதி. வாசலுக்கு வாசல் பார்த்து நிறுத்தி, நடுவில் ஒரு தார்ப்பாயைச் சாய்வாகக் கட்டுங்கள். மழை வந்தால் உட்கார, செருப்பு கழற்ற, துணி உலர்த்த ஒரு கூடம் கிடைத்துவிடும். இரவில் மாமியார் எழுந்து போகும்போது யாரையும் மிதிக்க வேண்டியதில்லை.

டென்ட் உறையில் 'வாட்டர் காலம்' என்று மில்லிமீட்டர் கணக்கு இருக்கும். துணிமேல் எவ்வளவு உயரத் தண்ணீர் நின்றால் கசியத் தொடங்கும் என்பது அது. மேல்துணிக்கு 1,500 போதும், 3,000 நல்லது. தரைத்துணிக்கு 3,000க்குக் குறைந்தால் முழங்கால் ஊன்றுகிற இடத்தில் ஈரம் ஏறும். இந்த எண்களுக்கு அலைவதைவிடக் கயிறுகளை இழுத்துக் கட்டுவதில் அக்கறை காட்டுங்கள். மேல்துணி தொங்கிப்போய் உள்துணியைத் தொட்டால் எத்தனை ஆயிரம் போட்டிருந்தாலும் ஒழுகும். அடியில் விரிக்கும் ஷீட் டென்ட் தரையைவிடச் சின்னதாக இருக்கட்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீரை வாங்கி அடியில் சேர்த்துவிடும். விடிகாலையில் உள்ளே துளித்துளியாக நனைந்திருந்தால் டென்டைத் திட்டாதீர்கள், அது நீங்கள் விட்ட மூச்சு. மேலே இருக்கும் காற்றுச் சன்னலைக் குளிருக்குப் பயந்து மூடாமல் விட்டால் குறையும்.

கடன் டென்டோடு வரும் முளைகள் பெரும்பாலும் வளைந்த கம்பிகளாகத்தான் இருக்கும். நல்ல முளை ஒரு டஜன், ரப்பர் சுத்தியல் ஒன்று, இவற்றைச் சொந்தமாக வாங்குங்கள். பட்டியலில் அந்த மண்வெட்டி இருந்த இடத்தில் இதை எழுதச் சொல்லுங்கள்.

காய்ந்த கிளை தொங்கும் மரத்தடியில் நிழல் பார்த்து நிறுத்தாதீர்கள். இடி கேட்டால் டென்டில் இருக்காதீர்கள். அந்தத் துணியும் கம்பியும் மின்னலைத் தடுக்காது. காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு, கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழித்துத்தான் வெளியே வர வேண்டும்.

மடக்குக்கட்டில் எழுதியது:

மாமியார் விஷயத்துக்கு மட்டும் வருகிறேன், என் அம்மாவுக்கும் முழங்கால்தான். தரையில் படுப்பது அவருக்குச் சிரமமில்லை, எழுவதுதான் சிரமம். மடக்குக் கட்டில் ஒன்று வாங்கிக் கொடுங்கள். நாற்காலி உயரம் இருக்கிறதைப் பாருங்கள், தரையை ஒட்டியது பிரயோசனமில்லை. கட்டில் வந்துவிட்டது, பாய் எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். அடியில் காற்று ஓடும், தரையைவிடச் சில்லென்று இருக்கும். கட்டில்மேலும் நுரைப் பாய் போட வேண்டும். கால்கள் டென்ட் தரையைக் கிழிக்காமல் பழைய ரப்பர்ச் செருப்பை வெட்டி அடியில் வையுங்கள். நாற்காலி வாங்கும்போது கைப்பிடி உறுதியாக உள்ளதாகப் பாருங்கள், கைகளை ஊன்றித்தான் எழுவார். ஆழமாகக் குழிந்த கேம்பிங் நாற்காலியில் உட்கார்ந்தால் அவரை இரண்டு பேர் தூக்க வேண்டி வரும். குனிந்து நுழையும் டென்ட் வேண்டாம். அவர் நிமிர்ந்து நின்று சேலை சரிசெய்துகொள்ளும் உயரம் இருக்கட்டும்.

மாத்திரைகளை இரண்டு பங்காகப் பிரித்து ஒன்றைக் காரில் வையுங்கள்.

முதல்கூடாரம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஹீட்டர் போயிற்று. கணவர் முகம் கொஞ்சம் வாடியது, ஆனால் கார்பன் மோனாக்சைடு பற்றிப் படித்தபின் அவரே அடித்துவிட்டார். இரண்டு டென்ட் யோசனை மாமியாருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, "எனக்குத் தனி வீடு" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். எட்டு பேர் டென்ட் தப்பென்று சொல்லவில்லை ஈரத்தரை ஐயா, எங்களுக்குக் கடனாகக் கிடைத்தது இரண்டு சின்னது. பாட்டி டென்டில் தலை இடிக்காமல் நிற்க முடிகிறது, பார்த்துவிட்டேன். விளக்கு, ஐஸ் பெட்டி, மருந்துப் பெட்டி மிச்சம். சோலார் சரத்தை மட்டும் விடமாட்டேன் என்கிறார் கணவர்.

ஈரத்தரை எழுதியது:

கிடைத்ததை வைத்துக் கட்டுவதுதான் சரி, தார்ப்பாய் சொன்னதில் மாமியார் தனியாக எழுந்து போகிற காரணம் எனக்குத் தோன்றவில்லை. இரவுகளுக்கு அந்த ஏற்பாடு மேல்.

சரத்தை விடுங்கள், கட்டிக்கொள்ளட்டும், கயிறு எங்கே இருக்கிறது என்று இருட்டில் தெரிந்தால் யாரும் தடுக்கி விழ மாட்டார்கள். ஆனால் நெற்றியில் மாட்டும் விளக்கு ஆளுக்கு ஒன்று வேண்டும், பையனுக்கும்தான். தன் விளக்கு தன் நெற்றியில் இருக்கும் குழந்தை இருட்டுக்கு அழுவதில்லை. சிவப்பு ஒளியும் உள்ளதாக வாங்கினால் நடு இரவில் ஒருவர் தேடும்போது மற்றவர்கள் கண் கூசாது. விலை உயர்ந்தது தேவையில்லை, 200 லூமென் வெளிச்சம் தாராளம்.

ஐஸ் பெட்டி வாங்க வேண்டாம், இதையும் கடன் வாங்குங்கள். முந்தின இரவே உள்ளே ஐஸ் போட்டுப் பெட்டியைக் குளிரவைத்துவிடுங்கள், சூடான பெட்டி முதல் ஐஸைத் தானே தின்றுவிடும். உடைத்த ஐஸைவிடக் கட்டியாக இருப்பது நாள்படத் தாங்கும். பாட்டிலில் உறைய வைத்த தண்ணீரே போதும், உருகினால் குடித்துவிடலாம். குழந்தைகள் குடிக்க எடுப்பதைத் தனிப் பையில் வையுங்கள். நொடிக்கொருமுறை திறந்தால் எந்தப் பெட்டியும் தாங்காது.

மருந்தில் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, உப்புச் சர்க்கரைக் கரைசல், காயத்துக்குத் துணி, கொசு மருந்து. அதைக் குழந்தைகளின் கையில் தடவாதீர்கள், வாய்க்கும் கண்ணுக்கும் போய்விடும். கூர்முனை இடுக்கி ஒன்று சேருங்கள். உண்ணி ஒட்டியிருந்தால் எண்ணெய், நெருப்பு என்று வித்தை காட்டாமல் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். உடுப்பில் பருத்தியைக் குறைத்துக்கொள்ளுங்கள். நனைந்தால் காயாது, குளிரை உடம்போடு ஒட்டிவைக்கும். ஆளுக்கு இரண்டு ஜோடி காலுறை அதிகமாக எடுங்கள், அதில் ஒன்று படுக்கும்போது மட்டும் போட.

திரும்பி வந்ததும், எவ்வளவு அலுப்பு இருந்தாலும், டென்டை அன்றைக்கே விரித்துக் காயப்போடுங்கள். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும், உள்பூச்சு நாளடைவில் பிசுபிசுத்து உரிந்துவிடும். கடன் கொடுத்தவர் அடுத்த முறை கதவே திறக்க மாட்டார்.